வெல்டிங் பட்டறையில் பெண்களுக்கு வேலை பழக்குவது எப்படி

திருச்சியில் பாய்லர் செய்யும் பெல் (BHEL) ஆலையைச் சுற்றித் திருவெறும்பூரிலும் துவாக்குடியிலும் எழுந்த, இரும்பை வெட்டி இணைக்கும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வெல்டர் என்றால் ஆண் என்பது பழகிப்போன எண்ணம். ஐ.டி.ஐ.யில் ஓராண்டு வெல்டர் பயிற்சி முடித்துச் சான்றிதழோடு வரும் பெண்ணுக்கும் சில வாரங்களிலேயே பெயிண்ட் டப்பாவையோ ஸ்டோர் கணக்கையோ கொடுத்துவிடுகிறார்கள். அவளுக்குத் தைரியம் போதவில்லை என்று காரணம் சொல்கிறார்கள். இதை நான் ஏற்பதில்லை. கையில் வேலை ஏறிய பிறகே தைரியம் வருகிறது. ஆகவே பழக்குபவர் முதலில் கவனிக்க வேண்டியது வேலையைத்தான்.

முதல் நாளே அவள் கைக்குப் பொருந்தும் தோல் கையுறையைக் கொடுங்கள். பெரிய கையுறைக்குள் விரல்கள் நழுவினால், வெல்டிங் கம்பியான ராடைப் பிடித்திருக்கும் ஹோல்டர் ஆடும், ஹோல்டர் ஆடினால் ராடு நுனி நிலைக்காது. இதைத்தான் பலர் ‘பெண்ணுக்குக் கை நடுக்கம்’ என்று தவறாக எண்ணுகிறார்கள். முகத்தைக் காக்கும் ஷீல்டின் தலைப்பட்டையையும் அவள் தலைக்கு இறுக்கிக் கொடுங்கள். நைலான் துணி பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும் என்பதால் பருத்தி உடை வேண்டும். துப்பட்டா கூடாது, வளையலைக் கழற்றிவிட வேண்டும். ஆண்களின் மோதிரத்துக்கும் காப்புக்கும் இதே விதியைச் சொன்னால் அவளைத் தனித்துக் கண்டிப்பதாகத் தோன்றாது.

அடுத்த கட்டத்தில் அவசரப்படாதீர்கள். 3.15 மி.மீ. ராடு, ஏறத்தாழ 110 ஆம்பியர், 6 மி.மீ. இரும்புப் பிளேட்டின் மேல் நேர்கோட்டில் பீட் (உருகிய உலோக வரி) போடுவது. ஒரு வாரம் இது மட்டும் போதும். முதல் பொறி தெறித்ததும் கை தானாகப் பின்வாங்கும். அப்போது ராடு நுனிக்கும் பிளேட்டுக்கும் இடையே எரியும் மின்பொறியான ஆர்க் நீள்கிறது, நீண்ட ஆர்க்கிலிருந்து பொறி இன்னும் அதிகமாகச் சிதறுகிறது, அதைக் கண்டு பயம் கூடுகிறது. இந்தச் சுழலை ‘பயப்படாதே’ என்ற சொல் உடைக்காது. ராடின் உள்கம்பி எவ்வளவு தடிமனோ அவ்வளவே இடைவெளி இருக்க வேண்டும் என்று அளவாகச் சொல்லுங்கள். எண்ணெயில் வடகம் பொரிவதுபோலச் சத்தம் சீராக வந்தால் இடைவெளி சரி. அதைக் காதால் பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கேபிளைத் தோளில் போட்டு, இடக்கையால் வலக்கை மணிக்கட்டைத் தாங்கிக்கொண்டால் பாரமும் நடுக்கமும் குறையும்.

ராடு பிளேட்டில் ஒட்டிக்கொள்ளும்போது பக்கத்தில் இருப்பவர், ‘விடும்மா, நான் பாத்துக்கிறேன்’ என்று ஹோல்டரை வாங்கிவிடுவார். நல்ல மனத்தோடுதான் செய்கிறார். ஆனால் அந்த நொடியில் அவள் கற்க வேண்டியது அவர் கைக்குப் போய்விடுகிறது. ஆபத்து இருந்தாலொழிய ஹோல்டரை வாங்கக் கூடாது என்பதைப் பட்டறையின் கட்டாய விதியாக்குங்கள். முறுக்கி அசைத்தால் ராடு பிரியும். பிரியாவிட்டால் ஹோல்டரின் பிடியைத் தளர்த்தி ராடை விட்டுவிடலாம். அதை அவளே செய்யட்டும். சிலிண்டர் தூக்க முடியாது என்ற பேச்சு வந்தால் டிராலி வாங்குங்கள். நிறைந்த ஆக்சிஜன் சிலிண்டரை ஆணும் தனியாகத் தூக்கக் கூடாது.

ஒரு பெண்ணை மட்டும் சேர்க்காமல், முடிந்தவரை இருவரையாவது ஒன்றாகச் சேருங்கள். பூட்டக்கூடிய கழிப்பறையும் உடை மாற்ற இடமும் இல்லாத பட்டறையில், தண்ணீர் குடிக்காமலேயே வெக்கையில் நாளைக் கழிப்பார்கள். 10 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பாலியல் துன்புறுத்தலை விசாரிக்க உள்ளகப் புகார்க் குழு இருக்க வேண்டும் என்பது 2013ஆம் ஆண்டுச் சட்டம். அதைவிடச் சிறிய பட்டறையில் இருப்பவர் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவிடம் புகார் செய்யலாம். சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சேரும் நாளிலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.

பிளேட் கிடந்த நிலையில் கை பழகியதும் நிமிர்த்திய பிளேட்டில் கிடைமட்டமாகப் போடும் 2ஜி, செங்குத்தாகப் போடும் 3ஜி என்று நிலைகளை மாற்றிச் சோதனைத் துண்டுகளைப் போடச் சொல்லுங்கள். துண்டை அறுத்து யூ வடிவத்தில் வளைத்துப் பார்க்கும்போது அவளும் அருகில் இருக்கட்டும். விரிசல் கண்டால் எந்த இடத்தில் ஸ்லாக் என்னும் கசடு மாட்டியது என்பதை அவள் கண்ணாலேயே பார்க்கட்டும். தேதி, ஆம்பியர், நிலை, முடிவு எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வரச் செய்யுங்கள். தேர்ச்சி பெற்றதும் மற்ற வெல்டர்களைப் போல அவளுக்கும், வெல்டிங் யார் போட்டது என்று காட்டும் ஸ்டாம்ப் எண் கொடுத்து, வெளியே அனுப்பும் வேலையில் ஒரு ஜாயிண்டை ஒப்படையுங்கள். அந்த ஜாயிண்டின் ஓரத்தில் எண்ணைச் சுத்தியலால் அவளே அடிக்கட்டும்.