ஈரானில் கரையேறினால்: நீரோடிப் பையன்களுக்கு

போன வாரம் கன்னியாகுமரி மாவட்டத்து மீனவ ஊரான நீரோடியிலிருந்து இரண்டு பையன்கள் வந்தார்கள். "அண்ணா, விசா வந்துட்டு. அங்க தெருவுல எப்படிப் பொழைக்கணும்?" என்று கேட்டார்கள். படகு வேலையை உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் ஈரான் கரையிலுள்ள பந்தர் சாரக்கில் மூன்று வருடம் வலை இழுத்தவன். லீவு கிடைத்தால் பந்தர் லெங்கே, பந்தர் அப்பாஸ் போவேன். ஒரே ஒரு தடவை ஷீராஸ். அங்கே பட்டுத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் அவர்கள் எழுதும் எண்களைப் படியுங்கள். நுனி மேலே பார்த்த வெற்றிலை மாதிரி இருப்பது அஞ்சு. சின்னப் புள்ளிதான் சைபர். அப்புறம் காசு. நான் இருந்தபோது நோட்டில் ரியால் என்று போட்டிருக்கும், வாயில் தோமான் என்பார்கள். 10 ரியால் 1 தோமான். அதிலும் ஆயிரத்தை விழுங்கிவிட்டு வெறுமனே "ஐம்பது" என்பார் கடைக்காரர். அது 50,000 தோமான். நோட்டாக எண்ணினால் 5,00,000 ரியால். அவசரப்படாமல் எண்ணிக் கொடுங்கள். நம்ம ஏடிஎம் கார்டை நம்பிப் போகாதீர்கள்.

டாக்சி பிடிப்பது களியக்காவிளையில் ஷேர் ஆட்டோ ஏறுவது போலத்தான். ரோட்டோரம் நின்றால் கார் மெதுவாகும். ஊர் பேரையோ, நேரே போக வேண்டுமானால் "மொஸ்தகீம்" என்றோ சத்தமாகச் சொல்லுங்கள். அவருக்குத் தோதுப்பட்டால் நிறுத்துவார், இல்லையென்றால் ஒரு பதிலும் சொல்லாமல் போய்விடுவார், கோபப்படாதீர்கள். "தர்பஸ்த்?" என்று கேட்டால் மட்டும் உஷார். முழு வண்டியும் உனக்கா என்று அர்த்தம். அவர்கள் பேசும் பார்சி மொழியில் எனக்கு அப்போது தெரிந்த ஒரே வார்த்தை "பலே". அங்கே அதற்கு ஆமாம் என்று பொருள். நல்லதாக ஏதோ கேட்கிறார் என்று "பலே" சொல்லிவிட்டேன். நாலு பேர் காசு போச்சு.

இறங்கும்போது காசை நீட்டினால் "காபெல் நதாரே", அதாவது இதெல்லாம் ஒரு காசா, என்பார். நம்ம வீட்டு வாசலில் நிற்பவரை "சாப்பிட்டுட்டுப் போங்க" என்று சொல்கிறோமே, அந்த வாய்மரியாதை. நம்பி நடந்துவிடாதீர்கள். இரண்டு மூன்று தடவை நீட்டுங்கள், வாங்கிக்கொள்வார்.

ரோட்டைத் தாண்ட ஒரு கிழவரையோ கிழவியையோ ஒட்டி நடங்கள். பைக் நடைபாதையிலும் வரும், எதிர்த்திசையிலும் வரும். பயந்து பின்னால் குதித்தால் ரோட்டோரத் திறந்த வாய்க்காலில் விழுவீர்கள். அதற்கு "ஜூப்" என்று பேர்.

வெள்ளிக்கிழமைதான் அங்கே ஞாயிறு, பல கடை அடைப்பு. கோடையில் துறைமுக ஊர்களில் மத்தியானம் தெருவே செத்துக் கிடக்கும். ராத்திரி பந்தர் அப்பாஸ் கடற்கரைக்குப் போய்ப் பாருங்கள்: பாய் விரித்து, பிளாஸ்க் வைத்து, குடும்பம் குடும்பமாக உட்கார்ந்திருப்பார்கள். சில பாட்டிகள் முகத்தில் முகமூடி கட்டியிருப்பார்கள். அந்தக் கரையின் பழைய வழக்கம் அது, முறைத்துப் பார்க்கக் கூடாது. பால் ஊற்றின சாயாவை மறந்துவிடுங்கள், கட்டிச் சர்க்கரையைப் பல்லில் கடித்துக்கொண்டு கட்டஞ்சாயாதான்.

ரொட்டிக் கடையில் அடுப்பு முன்னால் நிற்பவரிடம் "கஸ்தே நபாஷீத்" சொல்லுங்கள். களைத்துப் போகாதீர்கள் என்று அர்த்தம். நான் சொன்ன அன்றைக்கு அந்த ஆள் சிரித்துவிட்டுச் சூடாக ஒன்றை எடுத்துத் தந்தார். சங்கக் ரொட்டி, கூழாங்கல் மேலே சுடுவது. அடியில் ஒட்டின கல்லைத் தட்டிவிட்டுத் தின்னுங்கள் மக்களே, பல்லுக்கு நான் பொறுப்பில்லை.