முற்றொருமையா, சமன்பாடா? முக்கோணவியல் கணக்கைப் பிரித்தறியும் முறை

முக்கோணவியல் கணக்கு ஒன்றைத் தொடங்குமுன், அதிலுள்ள சமக்குறி எந்தெந்தக் கோணங்களுக்குப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். இருபக்கமும் வரையறுக்கப்பட்டிருக்கும் எல்லாக் கோணங்களுக்கும் பொருந்தினால் அது முற்றொருமை. அதை நிறுவ வேண்டும். சில கோணங்களுக்கு மட்டுமே பொருந்தினால் அது தீர்க்க வேண்டிய சமன்பாடு. அந்தக் கோணங்களைக் கண்டுபிடிப்பதே நம் வேலை. கோணத்தைத் தீட்டா என்று குறித்தால், சைன்² தீட்டா + காஸ்² தீட்டா = 1 என்பது முதல் வகை. சைன் தீட்டா = 1/2 என்பது இரண்டாம் வகை; 0° முதல் 360° வரை 30°, 150° ஆகிய இரண்டு கோணங்களே அதற்குத் தீர்வு.

எந்த வகை என்று ஐயம் எழுந்தால் ஒரு கோணத்தைப் பிரதியிட்டுப் பார்க்கலாம். ஆனால் கோணத்தைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சைன் 2தீட்டா = 2 சைன் தீட்டா என்பதில் 0°, 180°, 360° என மூன்றையும் இட்டுப் பார்த்து, எல்லாம் பொருந்துவதால் அதை முற்றொருமை என்று நம்பிவிடுவது எளிது. 90° இட்டால் இடப்பக்கம் 0, வலப்பக்கம் 2. ஒரு கோணம் பொருந்தாவிட்டாலே அது முற்றொருமை அல்ல என்பது உறுதியாகிவிடும்; நூறு கோணங்கள் பொருந்தினாலும் அது நிறுவலாகாது.

மாணவர்கள் மிகுதியாகத் தடுமாறுவது நிறுவலில்தான். நிறுவ வேண்டியதையே உண்மை என்று வைத்துக்கொண்டு இருபக்கமும் வர்க்கப்படுத்துவதும், உறுப்புகளைப் பக்கம் மாற்றுவதும் சமன்பாட்டைத் தீர்க்கும் பழக்கத்திலிருந்து வருபவை. (1 − காஸ்² தீட்டா)-வின் வர்க்கமூலம் = சைன் தீட்டா என்ற கூற்றை வர்க்கப்படுத்தினால் உண்மையான முற்றொருமை ஒன்று கிடைக்கிறது; ஆயினும் 270°-இல் இடப்பக்கம் 1, வலப்பக்கம் −1 என்பதால் மூலக் கூற்று தவறு. எனவே சிக்கலான பக்கத்தை மட்டும் எடுத்து, தெரிந்த முற்றொருமைகளைக் கொண்டு அதைப் படிப்படியாக மறுபக்கமாக மாற்றுவதே பாதுகாப்பான வழி என்பேன்.

சமன்பாட்டில் பக்கம் மாற்றலாம், வர்க்கப்படுத்தவும் செய்யலாம். அங்குள்ள ஆபத்து வேறு. 2 சைன் தீட்டா காஸ் தீட்டா = காஸ் தீட்டா என்பதைக் காஸ் தீட்டாவால் வகுத்தால் 30°, 150° மட்டுமே மிஞ்சும்; 90°, 270° ஆகிய தீர்வுகள் தொலைந்துவிடும். வகுக்காமல், எல்லாவற்றையும் ஒரு பக்கம் கொண்டுவந்து காரணிப்படுத்தினால் நான்கும் கிடைக்கும். வர்க்கப்படுத்தும்போது நடப்பது இதற்கு நேர்மாறு: சைன் தீட்டா + காஸ் தீட்டா = 1 என்பதை வர்க்கப்படுத்தினால் 180°, 270° ஆகிய பொய்த்தீர்வுகளும் நுழைந்துவிடுவதால், கிடைத்த ஒவ்வொரு கோணத்தையும் மூலச் சமன்பாட்டில் இட்டுச் சரிபார்க்க வேண்டும்.

சமன்பாட்டைத் தீர்க்க முற்றொருமையே கருவியாகவும் அமைகிறது. 2 காஸ்² தீட்டா + 3 சைன் தீட்டா = 3 என்பதில் காஸ்² தீட்டாவுக்குப் பதில் 1 − சைன்² தீட்டா என்று எழுதினால், அது சைன் தீட்டாவில் அமைந்த இருபடிச் சமன்பாடாகிறது. சைன் தீட்டாவின் மதிப்பு 1 அல்லது 1/2; ஆகவே தீர்வுகள் 30°, 90°, 150°. பொதுத்தீர்வு, அதாவது கோண எல்லை ஏதுமின்றி எல்லாத் தீர்வுகளும், கேட்கப்பட்டால் ஒவ்வொன்றுடனும் 360°-இன் முழு எண் மடங்குகளைக் கூட்டி எழுத வேண்டும்.