மலிவு விலை வயர்லெஸ் ஹெட்போன்: ஒப்பிடும்போது நேரும் தவறுகள்

சென்ற மாதம் அக்காள் மகனோடு கோலாலம்பூர் புக்கிட் பிந்தாங்கில் இருக்கும் லோ யாட் பிளாசா என்னும் மின்னணுப் பொருள் வளாகத்துக்குப் போயிருந்தேன். கல்லூரி மாணவன், கையில் 200 ரிங்கிட் சேர்த்து வைத்திருந்தான். வருவதற்கு முன்பே கைப்பேசியில் அட்டவணை ஒன்று போட்டுவிட்டான். ஐந்து மாடல்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே புளூடூத் எண், பேட்டரி நேரம், டிரைவரின் (உள்ளே ஒலியை எழுப்பும் சிறு ஸ்பீக்கர்) மில்லிமீட்டர் அளவு, விலை. "மாமா, எல்லாக் கட்டத்திலும் இதுதான் முதலில் நிற்கிறது" என்று ஒன்றைக் காட்டினான். கடைக்காரர் மாதிரிக்கு வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். மாட்டிய சில நிமிடங்களில் காது வலிக்கிறது என்று கழற்றிவிட்டான். அவன் மூக்குக்கண்ணாடி அணிகிறவன். அந்த ஹெட்போனின் சின்ன மெத்தை, கண்ணாடிக் காம்பைக் காது மடலோடு சேர்த்து நெரித்தது. அட்டவணையில் அதற்கு ஒரு கட்டம் இல்லை.

ஒப்பிட்டுப் பார்த்து வாங்க நினைத்தது நல்ல பழக்கம்தான். எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் சிக்கல். 100, 200 ரிங்கிட் வரம்பில் விற்கும் ஹெட்போன் பெட்டிகளில் அச்சாகியிருக்கும் எண்கள் ஒரே படியால் அளந்தவை அல்ல. ஒருவர் தலைதட்டி அளக்கிறார், மற்றவர் குவித்து அளக்கிறார். இருவருமே "ஒரு படி" என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இரண்டு எண்களையும் அடுத்தடுத்த கட்டத்தில் வைத்துக் கூட்டிக் கழித்தால் தவறான விடைதான் வரும்.

பேட்டரி நேரத்தை எடுத்துக்கொள்வோம். காதுக்குள் செருகும் இயர்பட் பெட்டியில் "30 மணி நேரம்" என்று இருந்தால், அது சார்ஜிங் பெட்டியில் வைத்துப் பல முறை சார்ஜ் ஏற்றியதையும் சேர்த்த கணக்கு. காதில் இருக்கும்போது ஒரு மூச்சில் ஆறு, ஏழு மணி நேரம் ஓடினாலே நல்லது. தலைக்கு மேல் மாட்டும் ஹெட்போனில் "50 மணி" என்றால் அது தொடர்ந்து ஓடும் நேரம். இரண்டையும் ஒரே வரிசையில் வைக்கக் கூடாது. இந்த நேரங்கள் பெரும்பாலும் ஒலி அளவைப் பாதியில் வைத்து, இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டு அளந்தவை. சற்று விலை கூடிய சோனி டபிள்யூ.எச்.-சி.எச்.720என் மாடலுக்கு அந்த நிறுவனமே இரண்டு எண்கள் தருகிறது: இரைச்சல் நீக்கம் இயங்கினால் 35 மணி, அணைத்தால் 50 மணி. ஒரே கருவியில் 15 மணி நேர வித்தியாசம். மலிவு மாடல்கள் பலவற்றின் பெட்டியில் பெரிய எண் மட்டும்தான் இருக்கும்.

அதோடு, எத்தனை மணி நேரம் உங்களுக்குத் தேவை என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரலுக்குக் கொமுட்டர் ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். போக வர இரண்டு மணி. இதற்கு ஏழு மணி நேரம் ஓடும் இயர்பட் தாராளம். 40 மணியா 57 மணியா என்று மண்டையை உடைத்துக்கொள்வதை விட, பத்து நிமிடம் சார்ஜ் போட்டால் எவ்வளவு நேரம் ஓடும் என்று பாருங்கள். காலையில் சார்ஜ் இல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்கு அதுதான் கைகொடுக்கும்.

புளூடூத் எண்ணைப் பற்றிய நம்பிக்கை இதைவிட ஆழமானது. "பாஸ், இது 5.3, அது 5.0 தான்" என்று கடைக்காரர் சொன்னதும் நம் கை தானாகவே 5.3 பக்கம் போகிறது. புதிய பதிப்பில் இணைப்பின் உறுதியும் மின்சாரச் சிக்கனமும் மேம்படலாம். பாட்டின் தரம் அந்த எண்ணால் உயர்வதில்லை. பாட்டைச் சுருக்கி அனுப்பி, மறுபக்கத்தில் விரிக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர். தரத்தில் அதற்குத்தான் பங்கு. எஸ்.பி.சி. எல்லா புளூடூத் ஹெட்போன்களிலும் கட்டாயமாக இருக்கும். அதற்கு மேல் ஏ.ஏ.சி., ஆப்டெக்ஸ், எல்டாக் எனப் பல உண்டு. கைப்பேசி, ஹெட்போன் இரண்டும் ஒரே மொழி பேசினால்தான் இவற்றால் பயன். ஐபோன் ஆப்டெக்ஸையும் எல்டாக்கையும் ஏற்பதில்லை. ஐபோன் வைத்திருப்பவர் எல்டாக் முத்திரைக்காகக் கூடுதலாக 60, 70 ரிங்கிட் கொடுத்தால் அந்தப் பணம் பெட்டியின் மேலட்டைக்குத்தான் போகிறது. வாங்குவதற்கு முன் உங்கள் கைப்பேசி எதையெல்லாம் ஏற்கும் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

டிரைவர் 10 மில்லிமீட்டரா 13 மில்லிமீட்டரா என்பதையும், "20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை" என்ற வரியையும் படிக்கவே வேண்டாம். பெரிய தவில் எல்லாம் நல்ல தவில் ஆகிவிடாது.

இரண்டெழுத்து ஒன்றாக, ஓரெழுத்து வேறாக

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் 89 ரிங்கிட்டுக்கு இயர்பட் வாங்கினேன். பெட்டியில் பெரிய எழுத்தில் இரைச்சல் நீக்கம் என்றும், அதன் கீழே சிறியதாக ஈ.என்.சி. என்றும் இருந்தது. ரயில் சத்தம் இனிக் கேட்காது என்று நம்பினேன். மறுநாள் எம்.ஆர்.டி. காஜாங் தடத்தில், மூசியம் நெகாரா தாண்டி ரயில் சுரங்கத்துக்குள் ஓடியபோது இரைச்சல் அப்படியே காதில் விழுந்தது. பொருளில் கோளாறு ஏதும் இல்லை. ஈ.என்.சி. என்பது மைக்குக்கு உரிய வசதி. நாம் பேசும்போது நம்மைச் சுற்றியுள்ள சத்தத்தைக் குறைத்து, மறுமுனையில் இருப்பவருக்கு நம் குரலைத் தெளிவாக அனுப்பும். நம் காதுக்கு அது எதுவும் செய்யாது. காதுக்கு அமைதி தருவது ஏ.என்.சி. முதலெழுத்து ஒன்றுதான் வேறு. விற்பவர்களில் பலர் அந்த வேறுபாட்டைச் சொல்வதில்லை. மலிவு ஹெட்போன் வாங்குகிறவர்கள் ஏமாறும் இடங்களில் இதுதான் முதன்மையானது என்பேன்.

ஏ.என்.சி. இருந்தாலும் அது எதைக் குறைக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் ஒலி அலையை மைக் பிடித்து, அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி இரண்டையும் சமன் செய்கிறது. சீராக ஒலிக்கும் தாழ்ந்த சத்தத்தில் இது நன்றாக வேலை செய்யும்: ரயிலின் ஓட்டம், ஏர்கண்டிஷனர், விமானத்தின் இயந்திரம். மாமாக் கடையில் பக்கத்து மேசைக்காரரின் பேச்சும், தட்டு விழும் ஓசையும் அவ்வளவாக மறையாது. அவற்றைத் தடுப்பது காதில் நன்றாகப் பொருந்தும் ரப்பர் முனை. இயர்பட்டோடு சிறியது, நடுத்தரம், பெரியது என்று வரும் முனைகளைப் பலர் மாற்றிப் பார்ப்பதே இல்லை. இடது காதுக்கு ஓரளவும் வலது காதுக்கு வேறளவும் தேவைப்படலாம். முனை பொருந்தாவிட்டால் தாழ்ந்த சுரங்கள் ஒழுகிப்போய்ப் பாட்டு தகரத்தில் தட்டியதுபோல் கேட்கும். வாங்கியவர் ஹெட்போனைத்தான் குறை சொல்வார். பெட்டியில் "35 டெசிபெல் வரை" என்று இருப்பதும் ஏதோ ஓர் அலைவரிசையில் கிடைத்த உச்ச அளவுதான். எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் என்று எண்ணக் கூடாது.

இதைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் காது. சுற்றுச் சத்தம் அதிகமாக இருந்தால் நாம் பாட்டின் ஒலியைக் கூட்டிக்கொண்டே போகிறோம். உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் பாதுகாப்பான எல்லை, வாரத்துக்கு 40 மணி நேரம் 80 டெசிபெல். அதுவே 90 டெசிபெல் ஆனால் வாரத்துக்கு நான்கு மணி நேரம்தான். தினமும் ரயிலில் போகும் பிள்ளைக்கு ஏ.என்.சி. உள்ளதையோ, காதை நன்றாக அடைக்கும் இயர்பட்டையோ வாங்கித் தாருங்கள். மற்ற வசதிகளைக் குறைத்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மைக்கைச் சோதிக்காமல் வாங்குவதும் பலர் செய்யும் தவறு. இணைய வகுப்புக்கென்று வாங்கியவர்கள், "பாட்டு நன்றாக இருக்கிறது, வகுப்பு தொடங்கியதும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறது" என்பார்கள். காரணம் இதுதான்: பாட்டுக் கேட்கும்போது புளூடூத் ஒலியை ஒரு திசையில் மட்டும் அனுப்புகிறது. மைக்கைத் திறந்ததும் இருதிசைப் பேச்சு முறைக்கு மாறிவிடும். அதில் ஒலி ஒற்றைத் தடமாகவும் குறைந்த தரத்திலும்தான் போகும். விலை உயர்ந்த ஹெட்போன்கள் பலவற்றிலும் இதே நிலைதான். மடிக்கணினியின் அமைப்பில் மைக்காக மடிக்கணினியின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுத்துவிட்டு, ஹெட்போனைக் கேட்பதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சென் செலவில்லை.

கடையில் காது கொடுத்துக் கேட்பது

லோ யாட் போன்ற இடத்தில் நான்கு பக்கமும் ஒலிபெருக்கி முழங்கும். அந்தச் சத்தத்தில் கடைக்காரர் போடும் அதிரடிப் பாட்டு எந்த ஹெட்போனிலும் நன்றாகத்தான் இருக்கும். அதற்கென்றே தேர்ந்தெடுத்த பாட்டு அது. உங்களுக்கு மனப்பாடமான பாட்டைக் கைப்பேசியில் இறக்கிக்கொண்டு போங்கள். நான் கொண்டுபோவது கோயில் நாகஸ்வரக் கச்சேரிப் பதிவு ஒன்று. தவிலின் வலந்தலையில் விரல் கூடு விழும் ஓசை தெறித்துக் கேட்க வேண்டும். தொப்பிப் பக்கத்தில் கழி விழுவது அதிர்ந்து அடங்க வேண்டும். அதிர்வு அடங்காமல் நாகஸ்வரத்தின் மேல் படர்ந்தால், அந்த ஹெட்போனில் தாழ்ந்த ஒலியை அளவுக்கு மீறி ஏற்றியிருக்கிறார்கள் என்று பொருள். பிறகு ஐந்து நிமிடம் மின்னல் பண்பலையின் செய்தி கேட்பேன். சகர, ஷகரங்கள் காதைக் குத்தினால் அதை வைத்துவிடுவேன்.

இரண்டை ஒப்பிடும்போது ஒலி அளவைச் சமமாக வைப்பது முக்கியம். சற்று உரக்கக் கேட்பது நம் காதுக்கு எப்போதும் தரமானதாகவே தோன்றும். ஒரே கைப்பேசியில் ஒரே கோட்டில் வைத்தாலும் இரண்டு ஹெட்போன்கள் ஒரே அளவில் ஒலிப்பதில்லை. உரக்கக் கேட்பதைக் குறைத்துவிட்டு மறுபடி கேளுங்கள். பல நேரம் முடிவு மாறிவிடும். தலைக்கு மேல் மாட்டுவதாக இருந்தால் பதினைந்து நிமிடமாவது கழற்றாமல் வைத்திருங்கள். கண்ணாடி, தலைத்துணி, கொண்டை எது உண்டோ அதோடு மாட்டிப் பாருங்கள்.

வியர்வையும் மழையும் நிறைந்த நம் ஊரில் நீர் தாங்கும் தரத்தை எல்லாரும் பார்க்கிறார்கள். பொருளைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். ஐ.பி.எக்ஸ்.4 என்றால் எந்தப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும். ஐ.பி.எக்ஸ்.7 என்றால் ஒரு மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும். இரண்டும் நல்ல நீரில் செய்த சோதனை. வியர்வையில் உப்பு இருக்கிறது. தனியாகக் குறிப்பிட்டிருந்தால் ஒழிய, அந்தத் தரம் சார்ஜிங் பெட்டிக்குப் பொருந்தாது. பத்துமலைப் படிகள் 272-ஐயும் வாரம் இரண்டு முறை ஏறி இறங்கும் நண்பர் ஒருவர், வியர்வை ஈரத்தோடு இயர்பட்டைப் பெட்டியில் போட்டு மூடுவது வழக்கம். எட்டாவது மாதம் இடது பக்கம் சார்ஜ் ஏறவில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். அடியிலிருந்த இரண்டு சிறு உலோகப் புள்ளிகளில், புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பில் ஏறுவதுபோல் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. துடைத்துவிட்டுப் பெட்டியில் வைக்கும் பழக்கம் இருந்தால் ஐ.பி.எக்ஸ்.4 போதும். இல்லையென்றால் 7 இருந்தும் நிலைக்காது.

இணையத்தில் வாங்குகிறவர்கள் ஐந்து நட்சத்திரங்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, இரண்டும் மூன்றும் கொடுத்தவர்களைப் படியுங்கள். ஐந்து கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பொட்டலம் வந்த அன்றே எழுதியவர்கள். "சீக்கிரம் வந்தது, நன்றாகக் கட்டியிருந்தார்கள்" என்பது ஹெட்போனைப் பற்றிய கருத்து ஆகாது. ஆறு மாதம் கழித்துத் திரும்பி வந்து எழுதியவரின் ஒரு வரிக்கு நான் அதிக மதிப்புத் தருவேன். விலையை ஒப்பிடும்போதும் கடைசித் தொகையைப் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து இணையம் வழியாக வரும் 500 ரிங்கிட்டுக்கு உட்பட்ட பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி உண்டு. அங்கே 120 என்று தெரிவது 132 ஆகிவிடும். இங்கே 135-க்கு உள்ளூர் உத்தரவாதத்தோடு கிடைக்கிறது என்றால் மூன்று ரிங்கிட்டுக்காக உத்தரவாதத்தை விட்டுவிடாதீர்கள்.

உத்தரவாதத்திலும் இரண்டு வகை. ஒரிஜினல் மலேசியா செட் என்றால் உள்ளூர் விநியோகஸ்தர் பொறுப்பேற்பார். ஏபி செட், அதாவது அந்த விநியோகஸ்தர் வழியாக வராமல் தனியாக இறக்குமதியான பொருள் என்றால், கடைக்காரர் தரும் உத்தரவாதம்தான். கடை இருக்கும்வரை அது இருக்கும். விலை குறைவு என்று ஏபி செட் வாங்குவதில் தவறில்லை. தெரிந்து வாங்க வேண்டும். புளூடூத் கருவிகள் ரேடியோ அலையில் இயங்குவதால், பொருள்களைச் சோதித்துச் சான்றளிக்கும் சிரிம் அமைப்பின் சான்றிதழ் தேவை. மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்தின் முத்திரை பெட்டியிலோ பொருளிலோ இருக்கிறதா என்று பாருங்கள். பசார் மாலாம் என்னும் இரவுச் சந்தையில் புகழ்பெற்ற பெயரோடு 35 ரிங்கிட்டுக்குக் கிடைப்பதில் அது இருக்காது. காதோடு ஒட்டி வைக்கும் லித்தியம் பேட்டரி எங்கே, யார் சோதித்தது என்று தெரியாத பொருளை நான் என் வீட்டுப் பிள்ளைக்கு மாட்டிவிட மாட்டேன்.

பொருள் பழுதாகி, கடைக்காரர் கைவிரித்தால் அதோடு விட்டுவிட வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நுகர்வோர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. மனுக் கட்டணம் ஐந்து ரிங்கிட், வழக்கறிஞர் வேண்டாம், 50,000 ரிங்கிட் வரை கோரலாம். 150 ரிங்கிட் ஹெட்போனுக்கு அங்கே போவதா என்று வெட்கப்படுகிறவர்கள் உண்டு. 150 ரிங்கிட் பலருக்கு இரண்டு நாள் சம்பளம். ரசீது மட்டும் கையில் இருக்க வேண்டும்.

அக்காள் மகன் அன்று நான்கு கடை ஏறி இறங்கினான். கடைசியில் எடுத்தது, அவன் அட்டவணையில் நான்காவதாக இருந்த மாடல். விலை 159 ரிங்கிட். காது முழுவதையும் மூடும் அகன்ற மெத்தை, ஏ.என்.சி. உண்டு, புளூடூத் 5.0 தான். புக்கிட் பிந்தாங் எம்.ஆர்.டி. நிலையத்தின் நடைமேடையில் நின்று அவன் அம்மாவை அழைத்து, ரயில் வந்து நிற்கும்வரை பேசச் சொன்னேன். அக்காவுக்கு ஒரு வார்த்தையும் விடுபடவில்லை. வீட்டுக்குப் போனதும் ரசீதைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து அழியும் அந்தத் தாளைப் பெட்டிக்குள் போட்டு, உத்தரவாதம் முடியும் தேதியை மூடியின் உட்புறத்தில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறான்.