எந்த ஆன்டெனாவை அணைப்பது? ஜெனடிக் அல்காரிதத்தில் முதல் பயிற்சி

40 ஆன்டெனாக்களை அரை அலைநீள இடைவெளியில் வரிசையாக நிறுத்தி, எல்லாவற்றுக்கும் ஒரே அளவு சக்தி கொடுங்கள். முதன்மைக் கற்றையை ஒட்டி எழும் சைடு லோப் (வேண்டாத திசையில் கசியும் கதிர்வீச்சு) அதைவிட 13 டெசிபெல் அளவுக்குத்தான் தாழ்ந்திருக்கும். சில ஆன்டெனாக்களை அணைத்தால் இது இன்னும் தாழும். எவற்றை அணைப்பது? 1994-இல் ஆன்டெனா ஆய்வாளர் ராண்டி ஹாப்ட் இதற்கு ஜெனடிக் அல்காரிதத்தை, அதாவது பரிணாமத்தைப் போல நல்ல விடைகளைக் கலந்து மேம்படுத்திக்கொண்டே போகும் முறையை, பயன்படுத்திக் காட்டினார்.

முதல் படி, விடையை எழுதும் முறை. வரிசை இருபுறமும் சமச்சீர் என்று வைத்தால் 20 ஜோடிகள் போதும். ஓர ஜோடி எப்போதும் 1. இல்லாவிட்டால் வரிசையே குறுகிக் கற்றை அகன்றுவிடும். மிச்சம் 19 பிட்டுகள்: 1 என்றால் இயங்குகிறது, 0 என்றால் அணைந்தது.

இரண்டாம் படி, கதிர்வீச்சுக் கணக்கு. நடுவிலிருந்து ஜோடிகளுக்கு 1 முதல் 20 வரை எண் கொடுங்கள். எண்ணில் 0.5 கழித்து, பையாலும் திசைக்கோணத்தின் சைனாலும் பெருக்கி, கொசைன் எடுங்கள். கோணம் வரிசைக்குச் செங்குத்தான திசையிலிருந்து அளக்கப்படுகிறது. இயங்கும் ஜோடிகளுக்கு மட்டும் கூட்டி, மைனஸ் குறி வந்தால் அதை நீக்கி, அவற்றின் எண்ணிக்கையால் வகுத்தால் உச்சம் 1 ஆகும். சைன் மதிப்பை 0 முதல் 1 வரை 0.002 இடைவெளியில் எடுங்கள். இடைவெளி மிகப் பெரிதானால் லோபின் உச்சி புள்ளிகளுக்கு நடுவே ஒளிந்துகொள்ளும்.

மூன்றாம் படி மதிப்பெண். என் அனுபவத்தில் வேலையே இங்கேதான். சைன் 0-இலிருந்து நகர்ந்து, கதிர்வீச்சு மதிப்பு இறங்குவது நின்று ஏறத் தொடங்கும் இடத்தைப் பிடியுங்கள். அதற்கு அப்பால் உள்ள மிகப் பெரிய மதிப்புதான் மதிப்பெண், குறைந்தால் நல்லது. சராசரியை எடுக்காதீர்கள், ஒரே ஒரு உயரமான லோப் அதில் கரைந்துபோகும்.

அப்புறம் பரிணாமம் எளிது. தற்செயலாக 40 விடைகள். மூன்று மூன்றாக எடுத்து அதில் சிறந்ததைப் பெற்றோர் ஆக்குங்கள். இரு பெற்றோரை ஓரிடத்தில் வெட்டி மாற்றி ஒட்டுங்கள். ஒவ்வொரு பிட்டையும் 5 சதவீத வாய்ப்பில் புரட்டுங்கள். சிறந்த இரண்டை அப்படியே அடுத்த தலைமுறைக்கு விடுங்கள். 100 தலைமுறை ஓட்டுங்கள்.

சரி, விடை சரியா? 19 பிட்டுக்கு மொத்தம் 5,24,288 விடைகள்தான். பைதானில் அத்தனையையும் கணக்கிட்டு, சுமார் 4,000 முயற்சியில் அல்காரிதம் கண்டதோடு ஒப்பிடுங்கள். நல்ல விடையில் பெரும்பாலும் நடுப்பகுதி நெருக்கமாகவும் ஓரம் இடைவெளி விட்டும் இருக்கும். 200 ஆன்டெனாவுக்குப் போனால் விடைகளின் எண்ணிக்கையே 30 இலக்கம். அங்கே இப்படிச் சரிபார்க்க முடியாது.