கூகுள் ஆட்ஸில் குப்பைத் தளங்களைக் களையெடுப்பது எப்படி? புதியவர்களுக்கான செய்முறை

காங்கேயம் பக்கம் என் தங்கை மரச்செக்கு எண்ணெய் விற்கிறாள். சென்ற தீபாவளிக்கு முன்பு கூகுளில் விளம்பரம் கொடுத்தாள். மாதக் கடைசியில் வந்த ரிப்போர்ட்டில் ஆயிரக்கணக்கில் கிளிக், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய்க்கும் குறைவு. "இத்தனை பேர் வந்தாங்கன்னு போட்டிருக்கு, ஒருத்தருங்கூட போன் பண்ணலையேண்ணா" என்று கேட்டாள். கணக்கைத் திறந்து, விளம்பரம் எங்கெங்கே காட்டப்பட்டது என்று பார்த்தேன். டார்ச் லைட் ஆப், பலூன் உடைக்கும் விளையாட்டு, இலவச ரீசார்ஜ் தருவதாகச் சொல்லும் தளம், ஒரே செய்தியை முப்பது பக்கமாக நறுக்கி 'அடுத்து, அடுத்து' என்று தட்டவைக்கும் தளம். பட்டியல் முழுக்க இப்படித்தான். செக்கு எண்ணெய் வாங்க நினைத்து அங்கே யாரும் போயிருக்கமாட்டார்கள்.

விளம்பரத்தை நடத்திக் கொடுத்தவர் பொய்க்கணக்கு எழுதவில்லை. கிளிக்குகள் உண்மையாகவே விழுந்திருந்தன. எந்த இடத்தில் விழுந்தன என்பதை யாரும் பார்க்கவில்லை, அதுதான் கோளாறு. அதைப் பார்க்கவும் சரிசெய்யவும் தொழில்நுட்ப அறிவு பெரிதாக வேண்டாம், ஒரு மாலைப் பொழுது போதும். சொந்தப் பணத்தைப் போட்டு விளம்பரம் செய்யும் சிறு வியாபாரிகளை மனதில் வைத்து எழுதுகிறேன்.

இந்தத் தளங்கள் எப்படிப் பிழைக்கின்றன?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் படிகள் தானாகவே விளங்கும். ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். தளத்துக்காரர், வேறு தளங்களின் அடியில் வரும் 'இதையும் படியுங்கள்' பெட்டியில் காசு கட்டி, ஒரு வாசகரை 50 காசுக்கு இழுத்து வருகிறார். அவரை முப்பது பக்கம் புரட்ட வைக்கிறார். பக்கத்துக்கு ஆறு விளம்பரம் என்றால் மொத்தம் 180. ஆயிரம் முறை காட்டினால் 10 ரூபாய் என்ற மலிவு விலைக்கே விற்றாலும் 1 ரூபாய் 80 காசு கிடைக்கிறது. 50 காசுக்கு வாங்கி 1.80-க்கு விற்கிற வியாபாரம் இது. படிக்கத் தகுந்தது எதையும் எழுத வேண்டிய தேவையே அவருக்கு இல்லை.

விளம்பரத் துறையில் இவற்றை 'மேட் ஃபார் அட்வர்டைசிங்' தளங்கள் என்கிறார்கள். விளம்பரம் காட்டுவதற்கென்றே கட்டப்பட்டவை. அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏஎன்ஏ 2023 ஜூனில் ஓர் ஆய்வை வெளியிட்டது. இணையத்தில் தானியங்கி முறையில் விற்கப்படும் விளம்பரங்களை அலசியபோது, காட்டப்பட்ட விளம்பரங்களில் 21 சதவீதமும், செலவான பணத்தில் 15 சதவீதமும் இத்தகைய தளங்களுக்குப் போயிருந்தன. ஒரு விளம்பரப் பிரச்சாரம் (கேம்பெய்ன்) சராசரியாக 44,000 தளங்களில் ஓடியிருந்தது. இவை தனி ஆட்களை வைத்து விளம்பரம் செய்யும் பெரிய நிறுவனங்களின் கணக்கு. ஒற்றை ஆளாகக் கடை நடத்துகிறவர் எவ்வளவு இழப்பார் என்று யோசித்துப் பாருங்கள்.

தளங்களில் விளம்பரம் காட்டி, தளத்துக்காரருக்குப் பங்கு தரும் கூகுள் ஆட்சென்ஸ் 2018-இல் தமிழை ஏற்றுக்கொண்டது. தமிழில் உழைத்து எழுதியவர்களுக்கு அதனால் கொஞ்சம் வருமானம் வந்தது, மகிழ்ச்சிதான். அதே வழியில் ராசிபலன், தங்கம் விலை, தேர்வு முடிவு, அரசு வேலை என்று எதைத் தேடினாலும் முன்னால் வந்து நிற்கும் ஒட்டு வேலைத் தளங்களும் முளைத்தன. நாம் கவனிக்காமல் விடும் ஒவ்வொரு ரூபாயும் அவற்றுக்குத் தீனியாகிறது. எனக்கு மனம் பொறுக்காதது இதுதான்.

படி 1: விளம்பரம் ஓடிய இடங்களைத் திறந்து பாருங்கள்

கூகுள் ஆட்ஸ் கணக்குக்குள் போய், இடப்பக்கம் 'கேம்பெய்ன்ஸ்' என்பதைத் தட்டுங்கள். 'இன்சைட்ஸ் அண்ட் ரிப்போர்ட்ஸ்' என்பதன் கீழே 'வென் அண்ட் வேர் ஆட்ஸ் ஷோட்' என்று இருக்கும். அதற்குள் 'வேர் ஆட்ஸ் ஷோட்' என்ற தாவல். மெனுப் பெயர்கள் அவ்வப்போது மாறும், ஆனால் இந்தப் பட்டியல் எங்காவது ஓரிடத்தில் கட்டாயம் இருக்கும். மேலே தேதியைக் கடைசி 30 நாட்களாக வைத்து, செலவு அதிகமானது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். இணையதளம், ஆப், யூடியூப் சேனல் மூன்றும் கலந்து வரும்.

முதல் தடவை பார்க்கும்போது பலருக்கு வயிறு எரியும். உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். பட்டியலை டவுன்லோடு செய்து எக்செல்லில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 2: எது குப்பை, எது சரக்கு?

இங்கேதான் நிதானம் வேண்டும். மென்பொருளை நம்புவதைவிட, செலவில் முதல் ஐம்பது தளங்களை நீங்களே போனில் திறந்து பார்ப்பது நல்லது. உங்கள் வாடிக்கையாளரும் போனில்தானே பார்க்கிறார்?

திறந்ததும் கட்டுரையின் முதல் வரி எங்கே என்று தேடுங்கள். விரலால் இரண்டு மூன்று முறை தள்ளியும் விளம்பரமே வந்துகொண்டிருந்தால் சந்தேகப்படுங்கள். நீங்கள் சும்மா இருக்கும்போதே விளம்பரம் தானாக மாறிக்கொண்டே இருந்தால், தளத்துக்காரர் அதைப் புதுப்பித்துப் புதுப்பித்து விற்கிறார் என்று அர்த்தம். 'டவுன்லோடு' என்ற பச்சைப் பட்டன், '15 விநாடி காத்திருங்கள்' என்ற கவுண்ட்டவுன், மூடும் குறியைத் தட்டினால் விளம்பரத்துக்குள் தள்ளிவிடும் பெட்டி, இவை எல்லாம் தவறிப்போய் விழும் கிளிக்குக்காக வைத்த பொறிகள். தங்கையின் கணக்கில் பாதிக்கு மேல் இந்த வகைதான்.

அடுத்தது, பெயரும் உள்ளடக்கமும் பொருந்துகின்றனவா என்று பாருங்கள். தளத்தின் பெயர் ஏதோ பள்ளியின் பெயர் மாதிரி இருக்கும், உள்ளே பர்சனல் லோன், காப்பீடு, கிரெடிட் கார்டு என்று ஓடும். யாரோ புதுப்பிக்காமல் விட்ட டொமைனை, அதாவது இணைய முகவரியை வாங்கி, அதன் பழைய நற்பெயரில் குளிர்காய்கிற வேலை. தேடல் முடிவுகளில் இந்தத் தந்திரத்தையும், எழுதித் தள்ளிய ஆயிரக்கணக்கான தரமற்ற பக்கங்களைக் குவிப்பதையும் ஸ்பேம் என்று கூகுளே 2024 மார்ச்சில் தன் விதிகளில் வெளிப்படையாகச் சேர்த்தது. அதற்காக விளம்பரப் பக்கமும் சுத்தமாகிவிட்டது என்று நம்பி இருந்துவிட முடியாது.

'எங்களைப் பற்றி' பக்கத்தைத் தேடுங்கள். எழுதியவர் பெயர், ஊர், தொடர்பு எண் எதுவுமே இல்லையென்றால் அது ஒரு புள்ளி. ஒரு புள்ளியை வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். புனைபெயரில் எழுதும் நல்ல வலைப்பதிவர்கள் தமிழில் நிறையப் பேர். மூன்று நான்கு அறிகுறிகள் சேர்ந்து வந்தால் விலக்குங்கள்.

எண்களும் காட்டிக்கொடுக்கும். படம் போட்ட டிஸ்ப்ளே விளம்பரத்தை நூறு பேருக்குக் காட்டினால் ஒருவர் தட்டுவதே பெரிது. ஒரு தளத்தில் எட்டு, பத்து சதவீதம் பேர் தட்டியதாக வந்தால் விரல் தவறிப் பட்டது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தளத்துக்கு வருகிறவர்களைக் கணக்கெடுக்கும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4 வைத்திருந்தால், அந்த விளம்பரத்தில் வந்தவர்களின் 'என்கேஜ்மென்ட் ரேட்' பாருங்கள். 10 விநாடிக்கு மேல் இருந்தவர், இரண்டு பக்கமாவது பார்த்தவர், அல்லது நீங்கள் முக்கியம் என்று குறித்த செயலைச் செய்தவர் மட்டுமே அதில் கணக்கு. பத்து விநாடிகூட நிற்காத கூட்டம் எண்ணெய் வாங்க வந்த கூட்டம் அல்ல.

படி 3: விலக்குங்கள்

படி 1-இல் திறந்த அதே பட்டியலில், தளத்தின் பக்கத்தில் உள்ள கட்டத்தை டிக் செய்தால் விலக்குவதற்கான வழி மேலே வரும். இந்த ஒரு பிரச்சாரத்துக்கு மட்டுமா என்று கேட்கும்.

இதைவிட, பொதுப் பட்டியல் ஒன்று உருவாக்கிவைப்பது நல்லது. 'டூல்ஸ்' பகுதியில் 'ஷேர்டு லைப்ரரி', அதற்குள் 'எக்ஸ்க்ளூஷன் லிஸ்ட்ஸ்'. பட்டியலுக்குப் பெயர் வைத்து, எக்செல்லில் குறித்த தளங்களை வரிக்கு ஒன்றாக ஒட்டிச் சேமித்து, உங்கள் எல்லாப் பிரச்சாரங்களிலும் இணைத்துவிடுங்கள். புதிய பிரச்சாரம் தொடங்கும்போது மறுபடி முதலிலிருந்து களையெடுக்க வேண்டியதில்லை.

படி 4: ஆப்களை மொத்தமாக மூடுங்கள்

அழுகிற பிள்ளை கையில் போனைக் கொடுத்துவிட்டு அம்மா சமைக்கப் போகிறார். பிள்ளை தட்டுகிற தட்டுக்கெல்லாம் காசு கட்டுவது நீங்கள். கடை விளம்பரங்களுக்கு ஆப்களால் பலன் வந்து நான் இதுவரை பார்த்ததில்லை. பிரச்சாரத்தின் 'கான்டென்ட்' பகுதியில் 'எக்ஸ்க்ளூஷன்ஸ்' திறந்து, 'ஆப் கேட்டகரிஸ்' என்பதில் ஒவ்வொரு வகையாக எல்லாவற்றையும் டிக் செய்யுங்கள். கை வலிக்கும், ஒரு தடவைதான்.

படி 5: திறந்துகிடக்கும் கதவுகள்

தேடல் விளம்பரம் மட்டும்தான் கொடுத்தேன், எனக்கு இந்தப் பிரச்சினை இல்லை என்று நினைப்பவர்கள் 'நெட்வொர்க்ஸ்' அமைப்பைப் பாருங்கள். டிஸ்ப்ளே நெட்வொர்க்கையும், அதாவது கூகுள் விளம்பரம் காட்டும் பிற தளங்களையும் ஆப்களையும் சேர்க்கும் கட்டம் டிக் ஆகியே வரும். எடுத்துவிடுங்கள்.

டிஸ்ப்ளே பிரச்சாரத்தில் 'ஆப்டிமைஸ்டு டார்கெட்டிங்' என்பதும் தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் சொன்ன எல்லையைத் தாண்டி ஆட்களைத் தேட அது கூகுளுக்கு அனுமதி கொடுக்கிறது. சிறு பட்ஜெட்டுக்கு அது வேண்டாம். 'லொகேஷன் ஆப்ஷன்ஸ்' திறந்தால், உங்கள் ஊரில் இருப்பவர்கள், அல்லது உங்கள் ஊர்மீது ஆர்வம் காட்டியவர்கள் என்று இருக்கும். இருப்பவர்கள் மட்டும் என்று மாற்றுங்கள். பிறகு 'டூல்ஸ்' பகுதியில் 'கான்டென்ட் சூட்டபிலிட்டி' போய், 'பார்க்டு டொமைன்ஸ்' என்ற தேர்வு இருந்தால், அது விலக்கப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். தளமே இல்லாமல் முகவரி மட்டும் வாங்கி, அதில் விளம்பரம் ஒட்டிவைத்திருக்கும் வெற்றுப் பலகைகள் அவை.

படி 6: எதை வெற்றி என்று எண்ணுகிறீர்கள்?

மேலே சொன்னதையெல்லாம் செய்துவிட்டு இதை விட்டால், மூன்று மாதத்தில் களை திரும்ப முளைத்துவிடும்.

பிரச்சாரத்தின் ஏல முறையை (பிட்டிங்) 'மேக்சிமைஸ் கிளிக்ஸ்' என்று வைத்திருந்தால், உங்கள் பணத்துக்கு எவ்வளவு அதிகக் கிளிக் கிடைக்குமோ அவ்வளவு வாங்கித் தா என்று இயந்திரத்துக்கு உத்தரவு கொடுத்திருக்கிறீர்கள். மிக மலிவான கிளிக் எங்கே கிடைக்கும்? குப்பைத் தளத்தில். இயந்திரம் சொன்னதைச் செய்கிறது. ஆகவே போன் அழைப்பு, ஆர்டர், விசாரணைப் படிவம் என்று உங்களுக்குக் காசாகிற செயலைக் 'கன்வெர்ஷன்' ஆகப் பதிவு செய்து, அதைக் குறிவைக்கச் சொல்லுங்கள்.

அதிலும் ஒரு கண்ணி உண்டு. போலி நிரல்கள் விசாரணைப் படிவத்தையும் நிரப்பும். பெயர் இடத்தில் அர்த்தமில்லாத எழுத்துகள், வேலை செய்யாத எண்கள். அதையும் வெற்றி என்று எண்ணினால், அந்தப் போலி வந்த இடத்துக்கே இன்னும் அதிகப் பணத்தை அனுப்ப இயந்திரத்துக்கு நாமே கற்றுக்கொடுக்கிறோம். நிரப்புவது மனிதரா நிரலா என்று சோதிக்கும் ரீகேப்ட்சாவைப் படிவத்தில் போடுங்கள். பட்டனைத் தட்டியதை எண்ணாமல், எண் சரிபார்க்கப்பட்டு 'நன்றி' பக்கம் வந்த பிறகே எண்ணுங்கள். தங்கையின் தளத்தில் ஓடிபி வைத்த வாரமே 'விசாரணைகள்' பாதியாகக் குறைந்தன. அவள் பயந்துபோனாள். ஆனால் மிச்சம் இருந்தவர்கள் போனை எடுத்துப் பேசினார்கள்.

இதற்கிடையில் ஒரு கேள்வி வரும்: போலிக் கிளிக்குக்குக் கூகுள் பணத்தைத் திருப்பித் தராதா? தரும். 'இன்வேலிட் கிளிக்ஸ்' என்ற பத்தியைச் சேர்த்துப் பார்த்தால் எத்தனை கழிக்கப்பட்டன என்று தெரியும். ஆனால் நான் மேலே விவரித்த தளங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் நிஜ மனிதர்கள். ஏமாந்து தட்டிய மனிதரின் கிளிக் பெரும்பாலும் கழிவதில்லை. அதனால்தான் விலக்கும் வேலையை நாமே செய்ய வேண்டியிருக்கிறது. இந்தியாவில் முன்பணம் கட்டி விளம்பரம் செய்பவர்கள் 10,000 ரூபாய் கட்டினால், 18 சதவீத ஜிஎஸ்டி போக 8,474 ரூபாய்தான் விளம்பரத்துக்கு மிஞ்சுகிறது. அதிலும் ஓட்டை இருந்தால் எப்படி?

'பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ்' பயன்படுத்துபவர்களுக்கு

தேடல், டிஸ்ப்ளே, யூடியூப் என்று கூகுளின் எல்லா இடங்களிலும் இயந்திரமே விளம்பரத்தை ஓட்டும் பிரச்சார வகை இது. எந்தத் தளத்தில் எத்தனை முறை காட்டப்பட்டது என்பது மட்டுமே அதில் தெரியும், தளவாரியாகச் செலவு தெரியாது. விலக்க வேண்டியவற்றைக் 'கான்டென்ட் சூட்டபிலிட்டி' வழியாக முழுக் கணக்குக்கும் சேர்த்து விலக்குங்கள். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இதை நான் பரிந்துரைப்பதில்லை. முதலில் சாதாரணத் தேடல் விளம்பரத்தில் கை பழகட்டும்.

படி 7: நல்ல இடங்களை நீங்களே தேர்ந்தெடுங்கள்

விலக்கிக்கொண்டே இருந்தால் முடிவில்லை, புதுத் தளம் நாளைக்கே வரும். முதல் மாதம் வாரம் ஒருமுறை பட்டியலைப் பாருங்கள், பிறகு பதினைந்து நாளுக்கு ஒருமுறை போதும். அதோடு, எதிர்த்திசையிலும் ஒரு சிறு பிரச்சாரம் தொடங்குங்கள். டிஸ்ப்ளே பிரச்சாரத்தில் 'பிளேஸ்மென்ட்ஸ்' என்பதைத் தேர்ந்து, உங்கள் வாடிக்கையாளர் உண்மையில் படிக்கிற தளங்களையும் பார்க்கிற யூடியூப் சேனல்களையும் மட்டும் கொடுங்கள். படி 5-இல் சொன்ன ஆப்டிமைஸ்டு டார்கெட்டிங்கை இங்கே கட்டாயம் அணைத்திருக்க வேண்டும். இல்லையென்றால் உங்கள் பட்டியலை வெறும் யோசனையாக எடுத்துக்கொண்டு வெளியே போய்விடும்.

ஒரு தளம் நம்பகமானதா என்று தெரிய, அதன் முகவரிக்குப் பின்னால் சாய்கோடு போட்டு 'ஆட்ஸ் டாட் டிஎக்ஸ்டி' (ads.txt) என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். தன் விளம்பர இடத்தை யார் விற்கலாம் என்று தளத்துக்காரர் அறிவிக்கும் கோப்பு அது, இணைய விளம்பரத் தொழில்நுட்பத் தரங்களை வகுக்கும் ஐஏபி டெக் லேப் அமைப்பு 2017-இல் கொண்டுவந்த முறை. 'டைரக்ட்' என்று சில வரிகள் இருந்தால் அவர் நேராக விற்கிறார். 'ரீசெல்லர்' என்று நூற்றுக்கணக்கில் நீண்டால், கை மாறிக் கை மாறி விற்கப்படுகிறது.

தங்கைக்கு நாங்கள் தேர்ந்தெடுத்தது பதினொன்று: சமையல் சேனல்கள் ஆறு, சித்த மருத்துவம் பற்றி எழுதும் வலைப்பதிவுகள் இரண்டு, கொங்குப் பகுதிச் செய்தித் தளங்கள் மூன்று. கிளிக் ஒன்றுக்கு முன்பைவிடப் பல மடங்கு கொடுக்கிறாள். பொங்கலுக்கு முந்தைய வாரம், ஈரோட்டிலிருந்து ஒரு அம்மா போன் செய்து, கடலை எண்ணெய் ஐந்து லிட்டர் டின்னில் கிடைக்குமா என்று கேட்டிருக்கிறார்.