சிங்கப்பூரில் கைக்குழந்தையோடு மலிவாகத் தங்க: நானும் மற்றவர்களும் செய்த தவறுகள்

"ராத்திரி தலை சாய்க்க ஒரு இடம் கிடைத்தால் போதும், பகலெல்லாம் வெளியேதானே சுற்றப் போகிறோம்." சிங்கப்பூருக்கு டிக்கெட் போட்ட அன்று வீட்டில் நான் சொன்னது இது. கல்யாணத்துக்கு முன் நண்பர்களோடு போனபோது அது சரியாகத்தான் இருந்தது. ஒன்றரை வயது மகளோடு போன பிறகு ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இருபத்து நான்கு மணி நேரத்தில் பதினாறு மணி நேரம் அந்த அறைக்குள்தான் இருந்திருக்கிறோம். ராத்தூக்கம், மதியத் தூக்கம், ஊட்டுவது, குளிப்பாட்டுவது, மழைக்கு ஒதுங்குவது, காரணமே இல்லாத அழுகை, எல்லாம் அங்கேதான்.

மற்ற எல்லாத் தவறும் இந்த ஒன்றிலிருந்துதான் கிளைக்கிறது. குழந்தையோடு போகிறவருக்கு அறை என்பது பகலிலும் திரும்பி வரவேண்டிய இடம். மதியம் அரை மணி நேரத்தில் திரும்பி வர முடியாத அறை, வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் மலிவான அறை இல்லை.

ஜன்னல் இல்லாத அறை

சிங்கப்பூரின் மலிவு விடுதிகளில் இது சர்வ சாதாரணம். முன்பதிவு செய்யும்போது 'ஜன்னல் இல்லை' என்று சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். பத்துப் பதினைந்து வெள்ளி குறைவாக இருக்கும், நாமும் 'ஜன்னல் வழியாக என்ன பார்க்கப் போகிறோம்' என்று அழுத்திவிடுவோம். (அங்குள்ள தமிழர்கள் டாலரை 'வெள்ளி' என்றுதான் சொல்கிறார்கள். போன இரண்டாம் நாள் நீங்களும் சொல்வீர்கள்.)

ஒருவர் ஓர் இரவு தங்கிப் போக அது தாராளமாகப் போதும். குழந்தைக்கு மதியத் தூக்கம்கூட அந்த இருட்டில் நன்றாக வரும். விழித்த பிறகுதான் சிக்கல். வெளிச்சம் இல்லை, வேடிக்கை பார்க்க ஒரு பஸ் இல்லை, ஒரு காக்கா இல்லை. எங்கள் மகள் பூட்டிய கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள். மூன்றாம் நாள் கூடுதல் பணம் கட்டி, அதே விடுதியில் ஜன்னல் உள்ள அறைக்கு மாறினோம். முதலிலேயே எடுத்திருந்தால் குறைவாகவே ஆகியிருக்கும்.

படத்தைப் பார்த்து அறையின் அளவை முடிவு செய்யாதீர்கள், சதுர மீட்டரைப் பாருங்கள். ஒன்பது சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் பத்துக்குப் பத்து ரூம் கூட வராது, பெரும்பாலும் குளியலறையும் அதற்குள்ளேயே அடக்கம். தொட்டில் கேட்டால் தருவார்கள், ஆனால் வைக்கத் தரை வேண்டாமா? அப்படிப்பட்ட அறையில் கட்டிலின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் போதும். குழந்தையைச் சுவர்ப்பக்கம் போட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், மாடிப்படி. தேக்கா, அதாவது லிட்டில் இந்தியா பக்கம், பல மலிவு விடுதிகள் கீழே கடையும் மேலே வீடுமாக இருந்த பழைய கடைவீடுகளில் நடக்கின்றன. பார்க்க அழகு. சிலவற்றில் லிஃப்ட் கிடையாது, குறுகலான படிதான். ஒரு கையில் குழந்தை, மறு கையில் ஸ்ட்ரோலர் என்று ஒரு நாளைக்கு நான்கு முறை ஏறிப் பாருங்கள், தெரியும்.

வாட்ஸ்அப்பில் வரும் 'வீட்டு ரூம்'

'சமையலறையோடு ரூம் இருக்கிறது, நம்மாட்கள் வீடுதான், ஹோட்டலில் பாதி விலை' என்று யாராவது சொல்வார்கள். குழந்தைக்குப் பருப்புச் சாதம் குழைத்துக் கொடுக்கலாமே என்று மனசு உடனே தாவும். அங்கே அது சட்டப்படி கிடையாது. தனியார் வீடுகளை மூன்று மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. வீவக வீடுகளுக்கு, அதாவது அரசு அடுக்குமாடி வீடுகளுக்கு, குறைந்தது ஆறு மாதம். தனியார் வீட்டு விதியை மீறும் உரிமையாளருக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம் போகும். சுற்றுலா வந்தவரைப் பிடித்து உள்ளே போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் அக்கம்பக்கத்தார் புகார் கொடுத்து, ராத்திரி பத்து மணிக்கு உரிமையாளர் 'கிளம்பிவிடுங்கள்' என்றால், தூங்குகிற குழந்தையோடு எங்கே போவீர்கள்? கொடுத்த பணத்தையும் எந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்பீர்கள்?

உறவினர், நண்பர் வீட்டில் விருந்தாளியாகத் தங்குவது வேறு விஷயம், அதில் சிக்கல் இல்லை. சமையலறைதான் முக்கியம் என்றால் சர்வீஸ் அபார்ட்மென்ட் இருக்கிறது. பலவற்றில் குறைந்தது ஏழு நாள் தங்கவேண்டும், வாடகையும் மலிவு இல்லை. பத்து நாள் பயணம், இரண்டு குடும்பம் சேர்ந்து போகிறீர்கள் என்றால் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நான்கு நாளைக்கு வேண்டாம். மின்சாரக் குக்கரைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போய் ஹோட்டல் அறையில் சாதம் வைக்கலாம் என்ற யோசனையையும் விட்டுவிடுங்கள். புகை எச்சரிக்கை மணி அடித்தால் கட்டடம் முழுவதும் எழுந்து நிற்கும்.

விலைப் பலகையில் இரண்டு கூட்டல் குறி

100++ என்று போட்டிருந்தால் 100 வெள்ளி இல்லை. அதன் மேல் 10 சதவீதம் சேவைக் கட்டணம், அந்த 110-இன் மேல் 9 சதவீதம் பொருள் சேவை வரி. கடைசியில் 119 வெள்ளி 90 காசு. ஐந்து ராத்திரிக்கு ஏறக்குறைய ஒரு ராத்திரி வாடகை கூடுதலாகப் போய்விடும். இந்த வரி 2023-இல் 8 சதவீதமாகவும் 2024 ஜனவரி முதல் 9 சதவீதமாகவும் ஏறியது, அதனால் பழைய பயணக் குறிப்புகளில் உள்ள கணக்கை நம்ப வேண்டாம். இரண்டு விடுதிகளை ஒப்பிடும்போது, பணம் கட்டும் பக்கம் வரை போய் முழுத்தொகையைப் பாருங்கள்.

பதிவு செய்யும்போது குழந்தையையும் வயதோடு சொல்லிவிடுங்கள். 'சின்னக் குழந்தைதானே' என்று இரண்டு பேர் மட்டும் போட்டுவிட்டுப் போனால், சிறிய அறையில் இரண்டு பேருக்கு மேல் அனுமதி இல்லை என்று வரவேற்பில் நிற்க வைத்துவிடலாம். உண்மையைச் சொன்னால் பல இடங்களில் தனிக் கட்டில் கேட்காத வரை வாடகை ஏறுவதில்லை. ஒருவர் படுக்க மட்டும் இடமுள்ள சின்னப் பெட்டிகளைத் தரும் கேப்சூல் விடுதி, பொது அறை விடுதி பக்கம் போகவே வேண்டாம். பலர் சிறுவர்களை ஏற்பதில்லை. ஏற்றாலும் பக்கத்தில் படுத்திருப்பவர் பாவம்.

காலை உணவு சேர்ந்த வாடகையும் எங்களுக்கு வீணாகப் போனது. சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வீட்டில் ஏழு மணிக்கு விழிக்கும் குழந்தை அங்கே ஒன்பதரைக்கு விழிக்கும். பல் தேய்த்து, முகம் கழுவி, டயப்பர் மாற்றிக் கீழே போவதற்குள் இட்லிச் சட்டியை எடுத்து வைத்துவிடுவார்கள். குழந்தையின் கடிகாரத்தைத் திருத்தப் பார்க்காதீர்கள், நாலைந்து நாளில் நடக்காது. அதன்படியே போனால் லாபம்தான்: மதியத் தூக்கம் அங்கே மூன்று, மூன்றரைக்கு வரும். வெயிலும் மழையும் அடித்துப் பெய்யும் நேரம் அறைக்குள் கழிந்துவிடும், மாலையில் ஊரைச் சுற்றலாம்.

எந்தப் பக்கம் தங்குவது

முதலில், ஜொகூர் பாரு. கடல்பாலத்துக்கு அந்தப் பக்கம் மலேசியா, பாதி வாடகைக்கு நல்ல பெரிய அறை கிடைக்கும், தினம் காலையில் வந்து மாலையில் போகலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். பாலம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். ஆனால் பஸ்ஸிலிருந்து இறங்கி, பாஸ்போர்ட் பார்க்கும் குடிநுழைவில் நின்று, மறுபடி பஸ் ஏறி, அடுத்த கரையில் மறுபடி இறங்கி நிற்கவேண்டும். போகவும் இப்படி, வரவும் இப்படி. தினமும் லட்சக்கணக்கானோர் கடக்கும் எல்லை அது. வெள்ளிக்கிழமை மாலை அந்த வரிசையில் குழந்தையோடு நின்ற ஒருவரைக் கேட்டுப் பாருங்கள், மிச்சம் பிடித்த காசைச் சொல்லமாட்டார். மதியத் தூக்கத்துக்குத் திரும்பி வரும் பேச்சே இல்லை.

கேலாங் மலிவு, சாப்பாடும் பிரமாதம். அதே வட்டாரத்தின் சில லோரோங்குகள், அதாவது சந்துகள், சிவப்பு விளக்குப் பகுதி. பயப்பட ஒன்றும் இல்லை, ஆனால் மணிக்கணக்கில் அறை விடும் விடுதிகளில் ராத்திரி முழுக்கக் கதவு திறந்து மூடிக்கொண்டே இருக்கும். பாலஸ்டியரில் விலை நன்றாக இருக்கிறது, எம்ஆர்டி ரயில் நிலையம் வாசலில் இல்லை. பஸ்தான். 2017 முதல் ஸ்ட்ரோலரை மடிக்காமலேயே பஸ்ஸில் ஏற்றலாம் என்பதால் முன்பு போல் கஷ்டம் இல்லை. காத்தோங், மரீன் பரேட் பக்கம் 2024 ஜூனில்தான் ரயில் வந்தது, கடற்கரைப் பூங்காவும் அருகில். இன்னும் பலர் கண்ணில் படாத இடம் அது.

என் ஓட்டு தேக்காவுக்குத்தான். தமிழன் என்பதால் சொல்லவில்லை என்று சொன்னால் நம்பமாட்டீர்கள், சரி. சிராங்கூன் சாலையில் தயிர் சாதமும் இட்லியும் நடக்கும் தூரத்தில் கிடைப்பது, ஊட்டுவதே பெரிய வேலையாக இருக்கும் வயதில் சின்ன விஷயம் இல்லை. அதைவிட முக்கியம் ரயில். லிட்டில் இந்தியா நிலையத்தில் வடகிழக்குப் பாதையும் டவுன்டவுன் பாதையும் சந்திக்கின்றன. டவுன்டவுன் பாதையில் ஒரு பக்கம் மூன்றாவது நிறுத்தம் தாவரவியல் பூங்கா. அங்கே குழந்தைகளுக்கென்றே இருக்கும் ஜேக்கப் பாலஸ் தோட்டத்துக்குக் கட்டணம் இல்லை. எதிர்ப்பக்கம் நான்காவது நிறுத்தம் பேஃப்ரண்ட், அங்கே கார்டன்ஸ் பை தி பே. அதன் சிறுவர் தோட்டத்தில் தண்ணீரில் விளையாடுவதும் இலவசம். இரண்டு இடத்திலிருந்தும் ரயில் மாறாமல் தூக்கத்துக்குத் திரும்பி வந்துவிடலாம். 90 சென்டிமீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்கு ரயிலிலும் பஸ்ஸிலும் கட்டணம் கிடையாது. இன்னொன்றும் உண்டு, தேவைப்படாமல் இருக்கட்டும்: கேகே மகளிர், சிறார் மருத்துவமனை அந்த நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குக் காய்ச்சல் என்றாலும் சிறார் அவசரப் பிரிவு திறந்திருக்கும்.

தேக்காவுக்கும் நாள் பார்க்கவேண்டும். ஞாயிறு மாலை வெளிநாட்டுத் தொழிலாளர்கள் பலருக்குக் கிடைக்கும் ஒரே ஓய்வு நேரம். நம்மூர்ப் பிள்ளைகளும் வங்காளதேசத்துப் பிள்ளைகளும் சந்தித்துப் பேசும் இடம் அது. அவர்கள் இடம், அவர்கள் நேரம். நடைபாதையில் ஸ்ட்ரோலர் நகராது என்று முகம் சுளிக்காமல் அன்று வேறு பக்கம் போய்விடுங்கள். தைப்பூசத்தன்று காவடிகள் சிராங்கூன் சாலை ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்துதான் கிளம்பும். பார்க்கவென்றே போகிறீர்கள் என்றால் சரி, இல்லாவிட்டால் அந்தத் தேதியைத் தவிருங்கள். ஃபார்முலா ஒன் கார்ப் பந்தயம் நடக்கும் வாரத்தில் ஊர் முழுக்கவே வாடகை ஏறும்.

முதல் நாளும் கடைசி நாளும்

சென்னையிலிருந்தோ திருச்சியிலிருந்தோ ராத்திரி விமானம் பிடித்தால் விடிகிற நேரத்தில் சாங்கி விமான நிலையத்தில் இறங்குவோம். அறை தருவது மதியம் இரண்டு மணிக்கோ மூன்று மணிக்கோ. எட்டு மணி நேரம் என்ன செய்வது? நாங்கள் விடுதியின் வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்திருந்தோம். மகள் அங்கிருந்த செயற்கைச் செடியின் இலைகளை ஒவ்வொன்றாகப் பிய்த்துக்கொண்டிருந்தாள். டிக்கெட் மலிவு என்று எடுத்த விமானத்துக்கு உடம்பால் பணம் கட்டினோம். இப்போதெல்லாம் பகல் விமானம் கொஞ்சம் கூடுதல் விலை என்றாலும் அதைத்தான் பார்க்கிறேன். இல்லையென்றால் பதிவு செய்த உடனே விடுதிக்கு எழுதி, சீக்கிரம் அறை தர எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்துக்கொள்கிறேன்.

காலை ஆறு மணிக்கு முன் டாக்ஸி ஏறினால் மீட்டர் தொகைக்கு மேல் 50 சதவீதம் நள்ளிரவுக் கட்டணம் சேரும். ஆறு அடிக்கும் வரை டயப்பர் மாற்றிக்கொண்டு உள்ளேயே இருக்கலாம். டாக்ஸி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. 1.35 மீட்டருக்குக் குறைவான உயரமுள்ள குழந்தைக்குக் காரில் தனி இருக்கை கட்டாயம், டாக்ஸிக்கு மட்டும் விலக்கு. செயலியில் கூப்பிடும் தனியார் வாடகைக் காருக்கு அந்த விலக்கு இல்லை, குழந்தை இருக்கை உள்ள வண்டியாகப் பார்த்துக் கேட்கவேண்டும்.

அறையில் வாளி இருக்காது, ஷவர்தான். குழந்தைகள் பல பேருக்கு ஷவர் என்றால் அலறல். பெட்டியில் ஒரு மக் போட்டுக்கொள்ளுங்கள், சின்ன வாளி தேக்கா கடைகளில் கிடைக்கும். குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பால் கலக்கக் கெட்டிலில் காய்ச்சினால் போதும், பாட்டில் வாங்கிச் சுமக்க வேண்டாம். மின்சாரச் செருகி பிரிட்டிஷ் வகை மூன்று முனை, நம் சார்ஜருக்கு அடாப்டர் வேண்டும்.

கடைசி நாளிலும் இதே கதைதான், தலைகீழாக. பதினொன்றுக்கோ பன்னிரண்டுக்கோ அறையைக் காலி செய்யவேண்டும், விமானம் ராத்திரி. அரை நாள் கூடுதல் வாடகைக்கு விலை கேட்டுப் பாருங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் பெட்டிகளை விடுதியிலேயே வைத்துவிட்டு, குழந்தைக்குத் தூக்கம் வரும் மூன்று மணிக்கு ஏதாவது குளிரூட்டிய கடைவளாகத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபேரர் பார்க் நிலையத்தோடு ஒட்டிய சிட்டி ஸ்குவேர் மாலில் ஒரு வட்டம், இரண்டு வட்டம் ஸ்ட்ரோலரைத் தள்ளினோம். மூன்றாவது வட்டத்தில் தூங்கிவிட்டாள்.