பழைய ஃபில்லில் அழுத்தத்தை நகர்த்தும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இடையிசை முடிந்து சரணம் தொடங்குவதற்கு முன் ட்ரம்மருக்கு ஒரு பார், அதாவது நான்கு பீட், இடம் கிடைக்கிறது. கை தானாகவே முன்னால் இருக்கும் ஸ்நேர் ட்ரம்மில் நான்கு அடி, முதல் டாம் ட்ரம்மில் நான்கு, இரண்டாவது டாமில் நான்கு, தரையில் நிற்கும் ஃப்ளோர் டாமில் நான்கு என்று இறங்கிவந்து க்ராஷ் என்ற உலோகத் தட்டில் போய் விழுகிறது. பாட்டின் இரண்டு பகுதிகளை இணைக்கும் இந்தச் சின்ன வாசிப்பைத்தான் ஃபில் என்கிறோம். ட்ரம்ஸ் பழகிய எல்லோருக்கும் தெரிந்த ஃபில்தான் இது. மொத்தம் 16 அடி.

நல்ல ஃபில். அது சலித்துப்போவதற்குக் காரணம் அந்த 16 அடிகள் இல்லை, ஒவ்வொரு நான்கிலும் முதல் அடி மட்டும் ஓங்கி விழுவதுதான். 1, 5, 9, 13. டாம் மாறுகிற இடமும் அதுவே, பீட் விழுகிற இடமும் அதுவே. எல்லாம் ஒரே புள்ளியில் கூடுவதால் அடுத்து என்ன வரும் என்று கேட்பவருக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

இதற்காகப் புது ஃபில் எதையும் தேடி மனப்பாடம் செய்ய வேண்டாம். அதே 16 அடி, அதே வேகம். அழுத்தத்தை மட்டும் வேறு அடிகளுக்கு மாற்றினால் போதும், ஃபில் ஆளே மாறிவிடும். ஆனால் செய்து பார்க்கும்போது பலருக்கும் இது குழறுகிறது. பெரும்பாலும் ஒரே காரணம்தான்: அழுத்தம் நகரும்போது கூடவே வேறு ஏதோ ஒன்றும் நகர்ந்துவிடுகிறது. வேகம், கால், கைவரிசை (எந்த அடி எந்தக் கைக்கு என்ற ஒழுங்கு), மற்ற அடிகளின் சத்தம் என இவற்றில் ஏதாவது ஒன்று. இவை எல்லாம் நிற்கும் இடத்தில் நின்றால்தான் அழுத்தம் நகர்ந்தது காதுக்குத் தெரியும்.

அழுத்தத்தைக் கூட்டுவது, மற்றதைக் குறைக்காமல் விடுவது

எல்லாவற்றிலும் பெரிய தவறு இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம். அழுத்தம் கேட்கவில்லை என்றதும் எல்லோரும் செய்வது இன்னும் பலமாக அடிப்பது. ஓங்கி அடித்ததும் தோள் இறுகுகிறது, பக்கத்து அடிகளும் சேர்ந்து பெருக்கின்றன, கடைசியில் 16 அடியும் ஒரே இரைச்சல். அழுத்தம் என்பது இரண்டு சத்தங்களுக்கு இடையிலான வித்தியாசம். அதை மேலே ஏற்றிப் பெறுவதைவிடக் கீழே இறக்கிப் பெறுவது எளிது. டவர் ஆஃப் பவர் குழுவின் ட்ரம்மர் டேவிட் கரிபால்டியின் 1970களின் வாசிப்பைக் கேட்டால் இது தெளிவாகப் புரியும். அவர் கையில் சத்தம் இரண்டே மட்டத்தில் இருக்கும்: ஒன்று அழுத்தம், இன்னொன்று லேசாக மட்டும் காதில் விழும் கோஸ்ட் நோட். இடைப்பட்டது என்று ஏறக்குறைய எதுவும் இருக்காது. அதனால்தான் அத்தனை அடிகள் விழுந்தும் ஒன்றோடொன்று குழம்புவதில்லை.

இதைக் கையில் கொண்டுவர ஸ்டிக்கின் உயரத்தைக் கவனிக்க வேண்டும், பலத்தை அல்ல. அமெரிக்க அணிவகுப்பு ட்ரம் குழுக்களில் உயரத்தை அங்குலக் கணக்கில் சொல்லியே பழக்குகிறார்கள்: மெல்லிய அடிக்கு 3 அங்குலம், அழுத்தத்துக்கு 9 அல்லது 12. நமக்கும் இந்தக் கணக்கு போதும். மெல்லிய அடிகளை 3 அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள்.

சிக்கல் எங்கே வருகிறது தெரியுமா? அழுத்தத்துக்கு அடுத்த அடியில். 12 அங்குலத்திலிருந்து இறங்கிய ஸ்டிக் தோலில் பட்டு மறுபடி மேலே எகிறுகிறது. அதே கையின் அடுத்த அடி மெல்லியதாக இருக்க வேண்டும், ஆனால் ஸ்டிக் உச்சியில் நிற்கிறது. அங்கிருந்து விழுந்தால் அதுவும் ஓங்கித்தான் விழும். ஆகவே அழுத்தம் கொடுத்த கையோடு ஸ்டிக்கைத் தோலுக்கு அருகிலேயே பிடித்து நிறுத்த வேண்டும். அதேபோல், அழுத்தத்துக்கு முந்தைய மெல்லிய அடியை அடித்ததும் மணிக்கட்டு ஸ்டிக்கை மேலே தூக்கித் தயாராக வைக்க வேண்டும். நிறுத்துவது, தட்டுவது, தூக்குவது. இந்த மூன்று அசைவும் வரிசையாக வந்தால் பலம் தானாக வரும்.

ஒரு கையை மட்டும் எடுத்துப் பாருங்கள். 1, 4, 7, 10, 13 ஆகிய அடிகளில் அழுத்தம், வலது இடது என்று மாறி மாறி அடிக்கிறோம். வலது கைக்கு வருபவை ஒற்றைப்படை அடிகள். அதில் 1இல் ஓங்கி அடித்து நிறுத்துகிறது, 3இல் சும்மா தட்டுகிறது, 5இல் தட்டிவிட்டுத் தூக்குகிறது, 7இல் மறுபடி ஓங்குகிறது. அதாவது வலது கை தனியாகப் பாதி வேகத்தில் ஒரு தகிட (மூன்று அடிச் சொற்கட்டு) வாசிக்கிறது. இடது கையும் 4இலிருந்து அதையேதான் செய்கிறது. இரண்டு கைகளையும் தனித்தனியே மெதுவாக அடித்து, உயரம் கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த பிறகு சேர்த்தால் பாதி வேலை முடிந்தது.

மூன்றாகப் பிரித்ததும் நடையை மாற்றிவிடுவது

16 அடியை மூன்று மூன்றாகப் பிரிப்பது பலரும் முதலில் முயன்று பார்ப்பது. இங்கே இரண்டு விதமாகச் சறுக்குகிறது.

முதலாவது, ‘மூன்று’ என்று மனதில் வந்ததும் கை தன்னையறியாமல் திஸ்ர நடைக்குப் போய்விடுகிறது. ஒரு பீட்டுக்கு நான்கு அடி இருந்த இடத்தில் மூன்றாகிவிடுகிறது, பாரில் 12 அடிதான் விழுகிறது. அது வேறு விஷயம், அதுவும் அழகுதான். ஆனால் நாம் செய்ய வந்தது அதுவல்ல. நடை சதுஸ்ரத்திலேயே (பீட்டுக்கு நான்கு அடி) இருக்க வேண்டும், அடிகளின் வேகம் இம்மியும் மாறக் கூடாது. அழுத்தம் மட்டும் மூன்றுக்கு ஒரு முறை வர வேண்டும்.

இரண்டாவது, கணக்கு. மூன்றை ஐந்து முறை வாசித்தால் 15. ஓர் அடி தொங்குகிறது. இதை யோசிக்காமல் கிளம்பினால் க்ராஷ் ஓர் அடி முன்னதாக விழும், இல்லாவிட்டால் கடைசியில் அவசரமாக எதையோ ஒட்டுப்போட வேண்டியிருக்கும். எங்கே முடிக்கப்போகிறோம் என்று தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. நான்கு மூன்று, ஒரு நான்கு: தகிட தகிட தகிட தகிட தகதிமி. அழுத்தம் 1, 4, 7, 10, 13இல் விழுகிறது. இதில் 13 என்பது நான்காவது பீட்டேதான். அதுவரை பீட்டை விட்டு விலகி விலகிப் போன அழுத்தம் அங்கே வந்து சேர்ந்துவிடுகிறது, கடைசி நான்கு அடி கேட்பவரின் கையைப் பிடித்து அடுத்த பாரின் முதல் பீட்டான ‘ஒன்று’க்குக் கூட்டிப்போகிறது. இன்னும் கொஞ்சம் துணிந்தால் ஐந்து, ஐந்து, ஆறு: தகதகிட தகதகிட தகிடதகிட. அழுத்தம் 1, 6, 11. இது வந்து சேரும் இடம் க்ராஷ்தான், நடுவில் ஒதுங்க இடமே கிடையாது. அதனால் முதலாவது நன்றாக ஊறிய பிறகு இதற்குப் போங்கள்.

மிருதங்கம் கற்பவர்கள் கை வைப்பதற்கு முன் சொற்கட்டை வாயால் சொல்லித் தாளம் போடுவார்கள். ட்ரம் செட்டுக்கும் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. தொடையில் தாளத்தைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு பிரிவின் முதல் ‘த’வையும் மட்டும் அழுத்திச் சொல்லிப் பாருங்கள். வாய் தடுமாறாமல் நான்கு சுற்று போனால் கையும் போகும். வாயில் வராத கணக்கு மேடையில் கையில் வராது.

கால் கூடவே நகர்ந்துவிடுவது

அழுத்தம் பீட்டிலிருந்து விலகியதும் கிக் அடிக்கும் காலும் அதன் பின்னால் ஓடப் பார்க்கும், இடது காலில் ஹை-ஹாட் (மிதித்தால் மூடிக்கொள்ளும் ஜோடித் தட்டு) நின்றேபோகும். அந்த நொடியில் பாடகருக்கும் பேஸ் கிதார்காரருக்கும் பீட் எங்கே என்று சொல்ல ஆளில்லை. குறிப்பாக நான்கு நான்காகவே வைத்துக்கொண்டு அழுத்தத்தை ஓர் அடி தள்ளும்போது, அதாவது 2, 6, 10, 14இல் வைக்கும்போது, கேட்பவரின் காது புது இடத்தையே பீட் என்று நம்பிவிடும். வாசிப்பவரின் காதும் நம்பிவிடும் என்பதுதான் ஆபத்து. அப்புறம் க்ராஷ் ஓர் அடி தாமதமாக விழும்.

ஹை-ஹாட் மிதிக்கும் இடது கால் ஒவ்வொரு பீட்டிலும் விழுந்துகொண்டே இருக்கட்டும். கைகள் என்ன செய்தாலும் அந்தச் சத்தம் நிற்கக் கூடாது. மெட்ரோனோமை (சீராகக் கிளிக் செய்யும் கருவி) நிமிடத்துக்கு 60 கிளிக்கில் வைத்துத் தொடங்குங்கள். அந்த வேகத்தில் ஒவ்வோர் அடிக்கும் கால் நொடி கிடைக்கும், யோசிக்க அது போதும். பழகிய பின் கிளிக்குகளைக் குறையுங்கள். 120 வேகத்தில் வாசித்துக்கொண்டு மெட்ரோனோமை 30இல் வைத்தால் பாருக்கு ஒரு கிளிக்தான் வரும். ஃபில் முடிந்து க்ராஷ் அந்தக் கிளிக்கின் மேலேயே விழுந்தால் எதுவும் நகரவில்லை என்று அர்த்தம். முந்தினால், பெரும்பாலும் ஓங்கி அடித்த இடங்களில்தான் ஓடியிருப்பீர்கள்.

பாதி வழியில் கைவரிசையை மாற்றுவது

மேலே சொன்ன 1, 4, 7, 10, 13இல் அழுத்தம் வலது, இடது, வலது, இடது, வலது என்று விழும். 2, 6, 10, 14 என்றால் எல்லாமே இடது கைக்குப் போய்விடும். இடது கை மந்தமாக இருப்பவர்கள் அந்த இடம் வந்ததும் சட்டென்று இரண்டு வலது சேர்த்து அடித்துச் சமாளிப்பார்கள். அங்கேதான் வேகம் குலைகிறது. இடது கையைப் பழக்குங்கள். இல்லையென்றால் முதல் அடியிலிருந்தே வேறு கைவரிசையை முடிவு செய்துகொள்ளுங்கள். 1, 4, 7, 10, 13க்கு இப்படி: வ இ இ, வ இ இ, வ இ இ, வ இ இ, வ இ வ இ. இதில் ஐந்து அழுத்தமும் வலது கைக்கே வருகிறது. இடது கை ஸ்நேரை விட்டு நகராமல் மெல்லிய அடிகளைப் போட்டுக்கொண்டிருக்க, வலது கை மட்டும் அழுத்தத்தை டாம் டாமாக எடுத்துப்போகலாம். என்னைக் கேட்டால், பழைய ஃபில்லைப் புதுசாக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை.

மாறி மாறி அடிப்பதையே வைத்துக்கொள்பவர்கள் டாமைத் தேர்ந்தெடுக்கும்போது கவனமாக இருக்க வேண்டும். இடது கையின் அழுத்தத்தை ஃப்ளோர் டாமில் வைத்தால் கைகள் குறுக்கே பின்னிக்கொள்ளும். வலது அழுத்தம் ஃப்ளோர் டாமிலும் இடது அழுத்தம் முதல் டாமிலும் இருக்கட்டும், மெல்லிய அடிகள் எல்லாம் ஸ்நேரில். ஆனால் இதையெல்லாம் முதல் நாளே செய்யாதீர்கள். முழு ஃபில்லும் ஸ்நேரிலேயே சுத்தமாக வரட்டும், அப்புறம் டாமுக்குப் போகலாம். அழுத்தம், கைவரிசை, டாம் மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது பிசகியது என்றே கண்டுபிடிக்க முடியாது.

பேடில் நன்றாக வந்தது ட்ரம் செட்டில் வரவில்லை என்றும் சிலர் சொல்வார்கள். ரப்பர் பேட் ஸ்டிக்கை நன்றாகத் திருப்பி எறியும், தளர்வாகக் கட்டிய ஃப்ளோர் டாம் எறியாது. அங்கே இரட்டை அடியின் இரண்டாவது அடி அமுங்கிப்போகும். பழகும் நேரத்தில் ஒரு பங்கை டாமிலேயே செலவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

சின்னதாகத் தோன்றும் சில

அழுத்தங்களை அளவுக்கு மீறி வைப்பது. 16 அடியில் ஐந்து வரை தெளிவாகக் கேட்கும். எட்டு ஒன்பது என்று போனால் எது அழுத்தம், எது சாதாரணம் என்றே தெரியாது.

ஸ்நேரில் மட்டும் ரிம்ஷாட் (தோலையும் விளிம்பையும் ஒரே நேரத்தில் அடிப்பது) கொடுத்து டாமில் சாதாரணமாக அடிப்பது. ஸ்நேர் கூர்மையாகப் பாயும், டாம் அதன் பின்னால் மங்கிவிடும். இந்த வகை ஃபில்லுக்கு ரிம்ஷாட்டைக் குறைத்துக்கொள்வதே நல்லது.

எலக்ட்ரானிக் கிட்டில் பழகுபவர்கள் பேடின் உணர்திறன் அமைப்பை ஒரு முறை பார்த்துவிட வேண்டும். அடியின் பலத்தை அது 1 முதல் 127 வரையிலான எண்ணாகப் பதிவு செய்கிறது. அமைப்பு சரியில்லை என்றால் மெல்லிய அடிகளும் மேல் எண்களுக்கே ஏறிவிடும், எவ்வளவு கட்டுப்படுத்தினாலும் பயன் இருக்காது.

மேடையில் சவுண்ட் பார்ப்பவரிடம் பேசாமல் ஏறுவது. டாம் மைக்குகளில் கேட் (ஓர் அளவுக்குக் குறைந்த சத்தத்தை அடைத்துவிடும் அமைப்பு) போட்டிருந்தால் அந்த அளவுக்குக் கீழே இருக்கும் மெல்லிய அடிகளை அது வெட்டிவிடும். வெளியே அழுத்தங்கள் மட்டும் ஓட்டை ஓட்டையாகக் கேட்கும். கேட்டைக் கொஞ்சம் தளர்த்தச் சொல்லுங்கள். எதிரொலி மிகுந்த கல்யாண மண்டபம் என்றால் அடிகள் எப்படியும் குழைந்துவிடும். அங்கே நெருக்கமான ஃபில்லை விட்டுவிட்டு நேரான ஃபில்லையே வாசிப்பது புத்திசாலித்தனம்.

பாட்டைக் கேட்காமல் வாசிப்பது. சரணத்தின் முதல் சொல் ‘ஒன்று’க்கு முன்னதாகவே தொடங்கினால், அந்தக் கடைசி ஒன்றிரண்டு அடிகளில் அழுத்தம் வைக்காதீர்கள், சொல் அமுங்கிப்போகும். ஐந்து, ஐந்து, ஆறு இங்கே நன்றாகப் பொருந்தும், ஏனென்றால் அதில் 11க்குப் பிறகு அழுத்தமே இல்லை. ஒரே பாட்டில் எல்லா இடத்திலும் நகர்த்தவும் வேண்டாம். முதல் சரணத்துக்கு நேரான ஃபில்லைக் கொடுத்திருந்தால்தான் இரண்டாவது சரணத்தின் முன் அழுத்தம் நகர்ந்தது கேட்பவருக்கு உறைக்கும்.

வாசித்ததைப் போனில் பதிவு செய்து கேட்பவர்களுக்கு ஒன்று. பல போன்களின் ரெக்கார்டர் மெல்லிய சத்தத்தைத் தானாகவே தூக்கி, பெரிய சத்தத்தை அமுக்கிவிடும். ட்ரம்முக்குப் பக்கத்தில் வைத்தால் அழுத்தமே இல்லாதது போலக் கேட்கும். அறையின் மறுகோடியில் வையுங்கள், தானியங்கி அளவை அணைக்க வசதி இருந்தால் அணைத்துவிடுங்கள். பிறகு கேட்கும்போது ஓங்கிய அடிகளை விட்டுவிட்டு, அவற்றுக்கு இடையில் இருக்கும் மெல்லிய அடிகள் ஒரே சீராக விழுகின்றனவா என்று மட்டும் கவனியுங்கள்.